பன்னுக்கு ஒரு வரி, க்ரீமுக்கு ஒரு வரி: ஜி.எஸ்.டி. கேலிகளும் அதன் பின்னால் உள்ள கணக்கும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

பரோட்டா, பாப்கார்ன், அப்பளம், பன் என்று ஜி.எஸ்.டி.யைப் பற்றிய கேலிகள் வரும்போதெல்லாம், சிரித்து முடித்த பிறகு ஒரே மாதிரியான சந்தேகங்கள்தான் எழுகின்றன. கடைக்காரரும் கேட்கிறார், சாப்பிட வந்தவரும் கேட்கிறார். அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே எழுதி, பதில்களைச் சேர்த்திருக்கிறோம். இங்கே தரப்பட்டுள்ளவை 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த வரி விகிதங்கள். பழைய விகிதங்களைச் சொல்லும் இடங்களில் அவை பழையவை என்றே குறித்திருக்கிறோம்.

பில்லுல சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி.னு ரெண்டு தடவை போடுறாங்களே, ரெண்டு வரி கட்டுறோமா?

இல்லை. ஒரே வரியைத்தான் மத்திய அரசும் மாநில அரசும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்கின்றன. 5% வரி என்றால் 2.5% மத்திய அரசுக்கு, 2.5% தமிழ்நாட்டுக்கு. 200 ரூபாய்க்குச் சாப்பிட்டால் 5 ரூபாயும் 5 ரூபாயும் சேர்ந்து பில் 210 ரூபாய். வெளிமாநிலத்திலிருந்து பொருள் வாங்கினால் இந்த இரண்டுக்கும் பதிலாக ஐ.ஜி.எஸ்.டி. என்று ஒரே வரியாக வரும்.

சில ஹோட்டல்கள் சேர்க்கும் 'சர்வீஸ் சார்ஜ்' வரியே அல்ல. அது கடைக்குப் போகும் பணம். அதைக் கட்டாயமாக வசூலிக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதிசெய்தது. வேண்டாம் என்று சொன்னால் நீக்கித் தர வேண்டும்.

பன்னுக்கு வரி இல்ல, நடுவுல க்ரீம் தடவினா 18 சதவீதம். இது என்னங்க நியாயம்?

2024 செப்டம்பரில் கோவையில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் கலந்துகொண்ட தொழில்துறையினர் கூட்டத்தில் ஒரு ஹோட்டல் உரிமையாளர் கேட்ட கேள்வி இது. "பன்னையும் க்ரீமையும் தனித்தனியாகக் கொடுங்கள், நாங்களே தடவிக்கொள்கிறோம்" என்று வாடிக்கையாளர்கள் சொல்கிறார்கள் என்றார் அவர். நாடே சிரித்தது. ஆனால் அவர் சொன்னது சட்டப்படி சரியான விவரம்.

பிரெட்டுக்கு 2017-இல் ஜி.எஸ்.டி. தொடங்கிய நாளிலிருந்தே வரி கிடையாது. அன்றாட உணவுக்கு வரி வேண்டாம் என்பது அதன் நோக்கம். சாதாரண பன்னையும் அந்த வரிசையில் வைத்தே விற்றார்கள். கேக், பேஸ்ட்ரி, பிஸ்கட் ஆகியவை வரிப்பட்டியலில் அதே 1905 என்ற எண்ணுள்ள தலைப்பின் கீழ் வந்தாலும் 18% பட்டியலில் இருந்தன. க்ரீம் வைத்ததும் பன் அந்தப் பக்கம் போய்விடும். இப்போது கேக், பேஸ்ட்ரி வகையெல்லாம் 5%. பன்னுக்கும் க்ரீம் பன்னுக்கும் இருந்த 18 புள்ளி இடைவெளி 5 ஆகக் குறைந்திருக்கிறது. இடைவெளி முழுவதும் மறைந்துவிடவில்லை.

யாரு உட்கார்ந்து இந்த லிஸ்டை எழுதுறாங்க? ஆபீசர்களுக்கு வேற வேலை இல்லையா?

பெயர்ப்பட்டியல் நம் அதிகாரிகள் புதிதாக எழுதியதல்ல. உலகச் சுங்க அமைப்பு உருவாக்கிய எச்.எஸ்.என். என்ற 6 இலக்க எண்முறை அது. துறைமுகத்தில் இறங்கும் சரக்கை எல்லா நாடுகளும் ஒரே பெயரில் குறிப்பதற்காக உருவானது. இந்தியா அதை 8 இலக்கமாக நீட்டி 1975-ஆம் ஆண்டின் சுங்கக் கட்டணச் சட்டத்தில் வைத்திருக்கிறது. ஜி.எஸ்.டி. அதையே எடுத்துக்கொண்டது. பேக்கரி மேடையை மனதில் வைத்து எழுதப்படாத பட்டியலை பேக்கரி பில்லில் பொருத்தும்போது இடிக்கத்தான் செய்யும்.

எந்த எண்ணுக்கு எத்தனை சதவீதம் என்பதை முடிவு செய்வது ஜி.எஸ்.டி. கவுன்சில். மத்திய நிதியமைச்சர் தலைவர், ஒவ்வொரு மாநிலத்திலிருந்தும் ஓர் அமைச்சர் உறுப்பினர். வாக்கெடுப்பு நடந்தால் மத்திய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு எடை, மாநிலங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு எடை. தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும். ஆகவே கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் அதிகாரியைத் திட்டிப் பயனில்லை. பக்கத்துப் பக்கத்துப் பொருள்களுக்கு வேறு வேறு விகிதம் வைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

பரோட்டா ரொட்டி இல்லையா? ரொட்டிக்கு 5, பரோட்டாவுக்கு 18-னு தீர்ப்பு வந்துச்சே?

வந்தது. 2020-இல் பாக்கெட் பரோட்டா தயாரிக்கும் ஒரு நிறுவனம் தன் பொருளுக்கு என்ன விகிதம் என்று கர்நாடக அட்வான்ஸ் ரூலிங் ஆணையத்திடம் (எந்தப் பொருளுக்கு எந்த விகிதம் என்று கேட்பவருக்கு முன்கூட்டியே தீர்ப்பு சொல்லும் அமைப்பு) கேட்டது. அப்போதைய 5% பட்டியலில் காக்ரா, சாதா சப்பாத்தி, ரொட்டி என்றே எழுதியிருந்தது, பரோட்டா என்ற பெயர் இல்லை. அந்தத் தலைப்பில் வருபவை அப்படியே சாப்பிடக்கூடியவை, பாக்கெட் பரோட்டாவைச் சூடாக்கித்தான் சாப்பிட வேண்டும், எனவே அது 2106 என்ற 'வேறெங்கும் குறிப்பிடப்படாத உணவுத் தயாரிப்பு', 18% என்றது ஆணையம். ஹோட்டலில் தட்டில் வைத்துத் தரும் பரோட்டாவுக்கு இந்தத் தீர்ப்பு பொருந்தாது. அது உணவகச் சேவை, 5% தான். கேலி செய்தவர்களில் பெரும்பாலோர் இந்த வேறுபாட்டைக் கவனிக்கவில்லை.

2024-இல் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, பரோட்டாவும் சப்பாத்தி, ரொட்டி போன்றதே, 5% போதும் என்றார். 2025 செப்டம்பரில் கவுன்சில் பரோட்டாவை வெளிப்படையாகப் பெயர் சொல்லி, "எந்தப் பெயரில் அழைக்கப்பட்டாலும்" எல்லா இந்திய ரொட்டி வகைகளுக்கும் வரி இல்லை என்று எழுதிவிட்டது. பட்டியலில் ஒரு சொல் இல்லாததால் தொடங்கிய வழக்கு, அந்தச் சொல்லைச் சேர்த்ததும் முடிந்தது.

இட்லி மாவிலும் இதே கதை நடந்தது. அரைத்த ஈர மாவுக்கு 5%. தண்ணீர் கலந்தால் மாவாகும் உலர் மிக்ஸுக்கு 18% என்று தமிழ்நாடு ஆணையம் 2021-இல் தீர்ப்பளித்தது. இப்போது 2106 தலைப்பே 5% ஆகிவிட்டதால் இந்தச் சண்டையும் இல்லை.

பாப்கார்னுக்கு மட்டும் மூணு ரேட் வெச்சாங்களே, அது ஏன்?

2024 டிசம்பர் 21 அன்று ஜெய்சால்மரில் நடந்த ஜி.எஸ்.டி. கவுன்சிலின் 55-ஆவது கூட்டத்தில் புதிய வரி எதுவும் போடவில்லை. இருந்த விதியை விளக்கினார்கள். உப்பும் மசாலாவும் கலந்தது நம்கீன், அதாவது காரத் தின்பண்ட வகை: சில்லறையாக விற்றால் 5%, பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டினால் 12%. சர்க்கரைப் பாகு பூசிய கேரமல் பாப்கார்ன் மிட்டாய் வகை: 18%. விளக்கம் சொன்னதால்தான் இந்த மூன்று விகிதங்களும் எல்லார் கண்ணிலும் பட்டன. இப்போது உப்பு போட்டது, கேரமல் இரண்டும் 5%.

தியேட்டரில் வாங்குவது வேறு கணக்கு. அங்கே தயாரித்துக் கையில் தரும் பாப்கார்ன் உணவகச் சேவையாகவே கருதப்படும், 5% என்று 2023-இல் தெளிவுபடுத்தப்பட்டது. ஆனால் டிக்கெட்டோடு சேர்த்து ஒரே விலைக்கு 'காம்போ'வாக விற்றால், முதன்மையான டிக்கெட்டின் விகிதமே பாப்கார்னுக்கும் வரும். 100 ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு 18%. காம்போ வாங்குவதற்கு முன் இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வட்டமா இருந்தா அப்பளம், சதுரமா இருந்தா அப்பளம் இல்லைன்னு சொன்னது உண்மையா?

உண்மை இல்லை. 2021 ஆகஸ்டில் ஒரு தொழிலதிபர் எழுதிய ட்வீட்டிலிருந்து பரவியது அது. எந்தப் பெயரில் இருந்தாலும் அப்பளத்துக்கு வரி இல்லை, வடிவத்தை வைத்து வேறுபாடு கிடையாது என்று மத்திய மறைமுக வரி வாரியம் உடனே மறுத்தது. குழப்பத்தின் வேர், வறுப்பதற்கு முன் காய்ந்த வில்லைகளாக விற்கப்படும் வண்ண வண்ண வத்தல் வகைகளில் இருக்கிறது. அவற்றை அப்பளம் என்பதா, வேறு நொறுக்குத்தீனி என்பதா என்று மாநிலத்துக்கு மாநிலம் வழக்கு நடந்தது. 2023 ஜூலையில் அவற்றுக்கான விகிதம் 18-இலிருந்து 5 ஆகக் குறைக்கப்பட்டது.

அரிசி மூட்டை ஏன் திடீர்னு 26 கிலோ ஆயிடுச்சு?

2022 ஜூலை 18 முதல், பாக்கெட் செய்து லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு, மாவு, தயிர் போன்றவற்றுக்கு 5% வந்தது. அதற்கு முன் பதிவுசெய்த பிராண்டுக்கு மட்டுமே வரி. புதிய விதியில் 25 கிலோ அல்லது 25 லிட்டர் வரை உள்ள சிப்பத்துக்குத்தான் வரி. அதற்கு மேல் போனால் இல்லை. எனவே ஆலைகள் 26 கிலோ மூட்டை போட்டன. 1,500 ரூபாய்க்கு விற்ற 25 கிலோ மூட்டையில் வரி மட்டும் 75 ரூபாய். ஒரு கிலோ கூட்டிப் பிடித்தால் அந்த 75 ரூபாய் இல்லை. இது சட்டவிரோதமும் அல்ல.

ஆனால் 10 கிலோ பை பத்தை ஒரே சாக்கில் கட்டி 100 கிலோ என்று சொல்ல முடியாது. உள்ளே இருக்கும் ஒவ்வொரு பையும் 25 கிலோவுக்குக் குறைவு என்பதால் வரி உண்டு. மளிகைக் கடைக்காரர் மூட்டையைப் பிரித்து அளந்து கொடுத்தால் அந்தச் சில்லறை விற்பனைக்கு வரி கிடையாது. இந்த 25 கிலோ எல்லை இன்றும் அப்படியே இருக்கிறது. இதில் அடிபடுபவர், 5 கிலோ பை வாங்க மட்டுமே கையில் காசு வைத்திருப்பவர்தான். மொத்தமாக 26 கிலோ வாங்க முடிந்தவருக்கு வரி இல்லை, வாங்க முடியாதவருக்கு உண்டு. 2025 மாற்றத்தில் இதைச் சரிசெய்திருக்க வேண்டும்.

தேங்காய் எண்ணெய் தலைக்கா, சமையலுக்கா? இதுக்குமா கோர்ட்டுக்குப் போனாங்க?

உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். வழக்குத் தொடுத்தவர் சேலம் மத்திய கலால் ஆணையர். சின்னப் பாட்டிலில் விற்கும் தேங்காய் எண்ணெயைத் தலையில்தானே தேய்க்கிறார்கள், அதைக் கேச எண்ணெய் என்று கொள்ள வேண்டும் என்பது துறையின் வாதம். 2018-இல் இரண்டு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பு சொன்னார்கள். 2024 டிசம்பரில் மூன்று நீதிபதிகள் முடித்துவைத்தார்கள்: பாட்டில் சிறியதாக இருப்பதாலேயே அது கேச எண்ணெய் ஆகாது. சமையல் எண்ணெய் என்று லேபிள் போட்டு உணவுத் தர விதிப்படி விற்றால் சமையல் எண்ணெயே. இப்போது கேச எண்ணெய்க்கும் 5% என்பதால் இனி இந்த வழக்குக்கு வேலையில்லை.

இந்தக் கூத்தெல்லாம் நம்ம நாட்டுல மட்டும்தானா?

இல்லை. பிரிட்டனில் கேக்குக்கு வரி இல்லை, சாக்லேட் பூசிய பிஸ்கட்டுக்கு முழு வரி. ஜாஃபா கேக் என்ற தின்பண்டம் இவற்றில் எது என்று 1991-இல் தீர்ப்பாயம் ஆராய்ந்தது. நாளானால் பிஸ்கட் நமத்துப்போகும், கேக் இறுகும், இது இறுகுகிறது என்பதும் கேக் என்று முடிவு செய்ததற்கு ஒரு காரணம். அயர்லாந்தில் பிரெட்டுக்கு வரி இல்லை, ஆனால் சர்க்கரை மாவின் எடையில் 2%-ஐத் தாண்டக் கூடாது. சப்வே உணவகத்தின் பிரெட்டில் 10% இருந்ததால் 2020-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை அந்தச் சலுகைக்குரிய பிரெட் அல்ல என்றது. அமெரிக்காவில் தக்காளி காயா பழமா என்ற வழக்கு 1893-இலேயே முடிந்தது. காய்க்கு இறக்குமதி வரி இருந்தது, பழத்துக்கு இல்லை. காய் என்றார்கள்.

இப்போ 5, 18-னு ரெண்டே ரேட் ஆயிடுச்சே. இனி குழப்பம் இருக்காதுல்ல?

பெருமளவு குறைந்தது. ஆனால் வரியே இல்லாதது, 5%, 18%, 40% என்று நான்கு தட்டுகள் இன்னும் இருக்கின்றன. இடைவெளி பெரிதாக இருக்கும் இடத்தில்தான் இனி வழக்கு வரும். குளிர்பானத்தைப் பாருங்கள். சர்க்கரையோ வாசனையோ சேர்க்காத வெறும் சோடா 5%. பன்னீர் சோடா, கலர் சோடா 40%. ரோஸ் மில்க் பால் கலந்த பானம், 5%. காற்றடைக்காத மாம்பழச் சாறு பானம் 5%, அதில் காற்று அடைத்தால் 40%. க்ரீம் பன்னில் 18 புள்ளியாக இருந்த இடைவெளி இங்கே 35.

உள்ளூர் கோலி சோடா, பன்னீர் சோடா போடும் சிறு தொழிலுக்கு இது கொடுமை. பெரிய பன்னாட்டு நிறுவனத்துக்கும் அவர்களுக்கும் ஒரே 40%. காற்றடைத்த பானம் தயாரிப்பவர்கள் காம்போசிஷன் திட்டத்திலும் சேர முடியாது (அந்தத் திட்டத்தைப் பற்றிக் கீழே). கடையில் எலுமிச்சை பிழிந்து சோடா ஊற்றிக் கையில் தருவது உணவகச் சேவை, 5%.

வரி இல்லைன்னா பேக்கரிக்காரருக்கு லாபம்தானே? அவர் ஏன் புலம்புறார்?

வரி இல்லாத பொருளை விற்றால், அதற்காக வாங்கிய பொருள்களிலும் வாடகையிலும் கட்டிய வரியை, தான் அரசுக்குக் கட்ட வேண்டிய வரியிலிருந்து கழிக்க முடியாது. பன்னும் க்ரீம் பன்னும் ஒரே அடுப்பில், ஒரே கடையில் தயாராகின்றன. கடை வாடகைக்கு 18% வரி கட்டியிருப்பார். அதில் எவ்வளவு பன்னுக்கு, எவ்வளவு க்ரீம் பன்னுக்கு?

ஜி.எஸ்.டி. விதிகளில் 42-ஆம் விதி சொல்லும் கணக்கு இது: மாத விற்பனை 10 லட்சம், அதில் வரியில்லாத பிரெட்டும் பன்னும் 4 லட்சம், பொதுச் செலவுகளில் கட்டிய வரி 20,000 ரூபாய் என்றால், அதில் 40%, அதாவது 8,000 ரூபாயை வரவில் எடுக்க முடியாது. மாதாமாதம் இதைப் போட்டு, ஆண்டு முடிவில் மொத்தமாக இன்னொரு முறை சரிபார்க்க வேண்டும். கோவையில் எழுந்த கேள்வியின் பாரம் உண்மையில் இங்கே இருக்கிறது.

எங்க தெரு டீக்கடைல டிபனுக்கு ஜி.எஸ்.டி. போட்டுக் கேக்குறாங்க. கொடுக்கணுமா?

பில்லைப் பாருங்கள். உணவகம் சேவை என்பதால் ஆண்டு விற்பனை 20 லட்சம் வரை பதிவே தேவையில்லை (பொருள் மட்டும் விற்கும் மளிகைக் கடைக்கு 40 லட்சம்). பதிவில்லாதவர் வரி கேட்க முடியாது. ஒன்றரைக் கோடி வரை விற்பனை உள்ள உணவகம் காம்போசிஷன் திட்டத்தில் சேரலாம். அப்போது விற்பனையில் 5% தன் கையிலிருந்து கட்ட வேண்டும். வாடிக்கையாளரிடம் தனியாக வசூலிக்கக் கூடாது, பில்லின் தலையில் தான் காம்போசிஷன் என்றும் வரி வசூலிக்கத் தகுதியில்லை என்றும் அச்சிட வேண்டும்.

சரிபார்ப்பது எளிது. பில்லில் உள்ள 15 இலக்க எண்ணை ஜி.எஸ்.டி. தளத்தில் 'சர்ச் டாக்ஸ்பேயர்' பகுதியில் இடுங்கள், லாகின் தேவையில்லை. தமிழ்நாட்டுப் பதிவு 33 என்று தொடங்கும். பதிவு உயிரோடு இருக்கிறதா, ரத்தானதா, ரெகுலரா, காம்போசிஷனா என்று காட்டும். காம்போசிஷன் என்று வந்தும் பில்லில் வரி கேட்டால் கொடுக்க வேண்டாம்.

என் பொருளுக்கு எந்த ரேட்னு எழுத்துல வாங்கிட முடியுமா?

முடியும். பரோட்டா நிறுவனம் போனது அந்த வழியில்தான். ஜி.எஸ்.டி. தளத்தில் ஏ.ஆர்.ஏ.-01 படிவம், கட்டணம் மத்திய, மாநிலச் சட்டங்களுக்கு 5,000 வீதம் 10,000 ரூபாய். பொருளின் சேர்மானம் சதவீதத்தோடு, தயாரிக்கும் முறை, லேபிளின் நகல், நீங்கள் எந்த எண் என்று நினைக்கிறீர்கள், ஏன் என்பது எல்லாம் இணைக்க வேண்டும். 90 நாளில் தீர்ப்பு தர வேண்டும் என்பது சட்டம்.

போவதற்கு முன் இரண்டு விஷயங்களை யோசியுங்கள். தீர்ப்பு உங்களையும் உங்கள் பகுதி அதிகாரியையும் மட்டுமே கட்டுப்படுத்தும். அதே பொருளை விற்கும் பக்கத்துக் கடைக்காரர் குறைந்த விகிதத்திலேயே தொடரலாம், நீங்கள் மட்டும் மாட்டிக்கொள்வீர்கள். அடுத்து, அந்தக் கேள்வி ஏற்கனவே உங்கள் மீதான விசாரணையில் இருந்தால் மனுவை ஏற்க மாட்டார்கள். நோட்டீஸ் வந்த பிறகு இந்தக் கதவு மூடியிருக்கும். மேல்முறையீட்டுக்கு 30 நாள்.

கம்மியா ரேட் போட்டு வித்துட்டேன், இப்போ நோட்டீஸ் வந்திருக்கு. என்ன ஆகும்?

வாடிக்கையாளரிடம் திரும்பப் போய்க் கேட்க முடியாது. வித்தியாசத்தை நீங்கள்தான் கட்ட வேண்டும், ஆண்டுக்கு 18% வட்டியோடு. 2024-25 நிதியாண்டு முதல், மோசடி நோக்கம் இல்லாத வழக்கில், நோட்டீஸ் வந்த 60 நாளுக்குள் வரியையும் வட்டியையும் கட்டிவிட்டால் அபராதம் இல்லை. தவறினால் வரியில் 10% அல்லது 10,000 ரூபாய், எது அதிகமோ அது. நோட்டீஸ் அனுப்ப, ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசி நாளிலிருந்து 42 மாதம் அவகாசம் இருக்கிறது. அதனால் பில், லேபிள், சேர்மானக் குறிப்பு எதையும் தூக்கி எறியாதீர்கள். அந்தக் காலத்தில் லேபிளில் என்ன எழுதியிருந்தது என்பதே பல வழக்குகளை முடிவு செய்கிறது. தேங்காய் எண்ணெயைப் பாருங்கள்.

இன்னொரு பக்கம்: அதிக விகிதம் போட்டு வசூலித்துவிட்டால் அந்தக் கூடுதலை வைத்துக்கொள்ள முடியாது. வரி என்று வாங்கியது அனைத்தும் அரசுக்குச் செலுத்தப்பட வேண்டும்.

வரியைக் குறைச்சாங்க, கடையில விலை குறையலையே?

18-இலிருந்து 5-க்கு வந்த பொருளின் விலை எவ்வளவு குறைய வேண்டும் என்று நீங்களே பார்க்கலாம்: பழைய விலையை 105-ஆல் பெருக்கி 118-ஆல் வகுக்க வேண்டும். 59 ரூபாய்ப் பொருள் 52 ரூபாய் 50 காசுக்கு வர வேண்டும். 20 ரூபாய்ப் பாக்கெட் 17 ரூபாய் 80 காசு. சில்லறைத் தொல்லையால் விலையை அப்படியே விட்டு எடையைக் கூட்டுவதும் உண்டு. பழைய பாக்கெட் கிடைத்தால் கிராமை ஒப்பிடுங்கள்.

எதுவும் மாறவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம். பில், பாக்கெட்டின் படம், வாங்கிய தேதி மூன்றும் கையில் இருக்கட்டும். முன்பு இதற்கென்றே இருந்த கொள்ளை லாபத் தடுப்பு ஏற்பாடு 2025 ஏப்ரல் 1 முதல் புதிய புகார்களை ஏற்பதில்லை.